கொரியாவிலும் போக்கிய வீடு!

பெரியவள் கொரியாவில் குடித்தனம் செய்கிறாள் என்று முன்பு ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். எழுதினது ஒரே ஒரு வரிதான். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று சகோதரிகள் கடிதம் போட்டுவிட்டார்கள். ராணிப்பேட்டைச் சகோதரி ஒருவர், "என் மகளும் மாப்பிள்ளையும் சித்திரையில் கொரியா போகிறார்கள். அங்கே வாடகைக்கு வீடு எப்படிப் பிடிப்பது? அட்வான்ஸே லட்சக்கணக்கில் கேட்பார்களாமே, வாஸ்தவமா?" என்று கேட்டிருக்கிறார்.

வாஸ்தவம்தான், சகோதரி. ஆனால் பயப்பட வேண்டாம். வீடு பிடிக்கிற விஷயத்தில் கொரியாக்காரர்களுக்கும் நமக்கும் அவ்வளவு தூரமில்லை. ஆலங்காயத்தில் பத்தாவது படித்துவிட்டு அடுப்படியில் இருக்கிற நானே ஒரு கேள்வி கேட்டு, என் மகளின் நகையைக் காப்பாற்றினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது படிப்பு இல்லை, பட்ட கஷ்டம். அதையும் சொல்கிறேன்.

என் மாப்பிள்ளை ரப்பர், பசை, பிளாஸ்டிக் இவற்றில் ஆராய்ச்சி செய்கிறவர். வேலை பூசான் நகரத்தில். கடற்கரைப் பட்டணம். 1970, 80களில் அங்கே ஷூ கம்பெனிகள் நிறைய இருந்தனவாம். அதைக் கேட்டதுமே எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்துவிட்டது. விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஷூ கம்பெனி வேனுக்கு ஓடுகிற மாதிரி, அந்த ஊர்ப் பெண்களும் ஒரு காலத்தில் ஓடியிருப்பார்கள், இல்லையா?

2022-ல் இவர்கள் போனபோது பிடித்தது ஒற்றை அறை வீடு. அங்கே 'ஒன்-ரூம்' என்றே சொல்கிறார்கள். படுக்கை, அடுப்பு, துவைக்கிற மெஷின் எல்லாம் ஒரே அறையில். முன்பணம் 30 லட்சம் வோன், மாச வாடகை மூன்றரை லட்சம் வோன். கேட்டவுடன் மயக்கம் வரும். அங்கே 1,000 வோன் என்றால் நம் கணக்கில் சுமார் 60 ரூபாய். ஆகவே முன்பணம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், வாடகை 21,000 ரூபாய். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு அது போதும். 2023 ஐப்பசியில் மகள் ஆறு மாசம் கர்ப்பம். குழந்தை பிறந்தால் தொட்டில் போட இடம் வேண்டாமா? இரண்டு அறை வீடு தேட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது. நமக்கு ஆறரை என்றால் அவர்களுக்கு ராத்திரி பத்து மணி.

"மா, ஒரு நல்ல சேதி! வாடகையே இல்லாத வீடு கெடச்சிருக்கு!"

"வாடகை இல்லாமயா? யாருடி அவ்ளோ பெரிய தர்மவான்?"

"தர்மம் இல்லமா. மொத்தமா ஒரு தொகை குடுத்துடணும். ரெண்டு வருஷம் வாடகை இல்லாம இருக்கலாம். காலி பண்ணும்போது முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்துடுவாங்க. இதுக்கு ஜொன்சேன்னு பேரு."

"அடிப் பாவி, இது நம்ம போக்கியமாச்சே!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தென் மாவட்டத்துச் சகோதரிகள் இதை ஒத்தி என்பீர்கள். எங்கள் பக்கம் போக்கியம். வீட்டுக்காரருக்கு மொத்தமாகப் பணம் தேவை, குடி வருகிறவருக்கு வாடகை மிச்சம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வட்டிக்கு விடுவார், அல்லது வியாபாரத்தில் போடுவார். அந்த வட்டிதான் அவருக்கு வாடகை. கொரியாவிலும் இதே கதைதான். கிராமத்து ஜனங்கள் திரள் திரளாகப் பட்டணத்துக்கு வேலைக்கு வந்த காலத்தில் வீடு வாங்க பாங்கிக் கடன் லேசில் கிடைக்கவில்லை. குடியிருக்க வருகிறவர் கொடுக்கிற பெரிய தொகையே வீட்டுக்காரருக்குக் கடன் மாதிரி ஆயிற்று. அப்படித்தான் இந்த வழக்கம் ஊரெங்கும் வேரூன்றியதாம்.

மகள் சொன்ன வீட்டுக்கு ஜொன்சே தொகை 4 கோடி வோன். அதாவது சுமார் 24 லட்சம் ரூபாய். மாப்பிள்ளையின் சேமிப்பு 15 லட்சம் இருந்தது. மீதி 9 லட்சத்துக்குத்தான் இந்தப் போன். என்னிடம் விட்டுப் போன 20 சவரன் நகையை அடகு வைத்தால் ஆறு, ஆறரை லட்சம் வரும், பாக்கியை அப்பா புரட்டிக் கொடுக்கட்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மறுநாளே பத்தில் ஒரு பங்கு கட்டி ஒப்பந்தம் போட வேண்டுமாம். பத்தில் ஒரு பங்கே 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்! ஒப்பந்தம் போட்ட பிறகு நாம் மனசு மாறினால் அந்தப் பணம் திரும்ப வராது.

"மத்த எடத்துல இதே மாதிரி வீடு ஆறு கோடி, ஏழு கோடி சொல்றாங்கமா. இது நாலு கோடிக்குக் கெடைக்குது. வுட்டா வேற யாராச்சும் வந்துடுவாங்களாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் அப்பா முகம் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது எனக்குப் பத்து, பதினோரு வயசு. அப்பா வாணியம்பாடியில் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் விரலெல்லாம் வெடித்திருக்கும். அம்மாவின் தாலிச் செயினையும் ஒரு ஜோடி கம்மலையும் விற்று, 15,000 ரூபாய் சேர்த்து, ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்தார். ஓட்டு வீடுதான். ஆனால் தனிக் கிணறு, பின்கட்டில் முருங்கை மரம். "ஊர்ல இல்லாத சல்லிசு, வுட்டா போயிடும்" என்றுதான் அன்றைக்கும் தரகர் சொன்னார். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பத்திர ஆபீசில் பதியவில்லை. யாரும் வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நாங்கள் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் அந்த வீட்டின் பேரில் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர்கள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாவின் முத்திரைத்தாளை எவரும் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் ஐநூறும் முந்நூறுமாகக் கொடுத்தது நாலாயிரம் சொச்சம். மீதி வரவே இல்லை. பாத்திரம் பண்டத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்தில் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தோம். அம்மா சாகிற வரை வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தாள். எனக்கு மேலே படிக்கிற எண்ணமும் அதோடு போயிற்று.

ஆகவே மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?"

"ஏம்மா, இவ்ளோ முன்னேறின நாட்டுல ஏமாத்துவாங்களா?"

"ஏமாத்துறதுக்கு நாடு ஏதுடி? மாப்பிள்ளைகிட்ட குடு."

மாப்பிள்ளை பொறுமைசாலி. "அத்தை, தரகர் ஒரு தாள் காட்டினாரு. முழுக்க கொரிய எழுத்து. 'கொஞ்சம் பேங்க் லோன் இருக்கு, எல்லா வீட்டுக்கும் இருக்கும்'னு சொன்னாரு" என்றார். "அந்தக் கொஞ்சம் எவ்ளோன்னு பாருங்க மாப்பிள்ளை. நாளைக்குக் காலையில பாத்துட்டு அப்பால கையெழுத்துப் போடுங்க" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நம் பேச்சு சம்பந்தி வீடு வரைக்கும் போய், 'மாமியார் பணம் கொடுக்க யோசிக்கிறாள்' என்று ஆகிவிடுமோ என்ற கவலை வேறு.

மறுநாள் காலையில், கூட வேலை செய்கிற கொரியப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் அந்த வீட்டின் பதிவேட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அங்கே எந்த வீட்டின் பதிவேட்டையும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பார்க்கலாம். கட்டணம் 700 வோன், நம் பணத்தில் நாற்பது ரூபாய் சொச்சம். அதில் மூன்று பகுதி இருக்கிறது. முதல் பகுதியில் வீட்டின் விலாசம், அளவு. இரண்டாவது பகுதியில் வீடு யார் பேரில் இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, ஜப்தி ஏதாவது உண்டா என்கிற விவரம். அதற்கு 'கப்-கு' என்று பேர். மூன்றாவது பகுதி 'உல்-கு'. வீட்டின் பேரில் உள்ள அடமானக் கடன் முழுவதும் அதில் இருக்கும். நம் ஊர் வில்லங்கச் சான்றேதான், சட்டை மட்டும் வேறே!

மூன்றாவது பகுதியில் இருந்த கடன் வரம்பு 9 கோடியே 60 லட்சம் வோன். வீடே 10 கோடி போனால் அதிகம். அதன் மேல் இவர்களுடைய 4 கோடி! வீட்டுக்காரர் தவணை கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் பாங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். சின்னத் தொகை கொடுத்துக் குடியிருப்பவர்களுக்கு ஒரு பங்கை முன்னால் கொடுக்க அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஒரு பங்குதான், முழுசும் இல்லை. நாலு கோடிக்கு அந்த வீடு ஏன் சல்லிசாக வந்தது என்பது இப்போது புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையே போன் செய்து, "வேணாம்னு சொல்லிட்டேன் அத்தை" என்றார். அந்த வீடு அப்புறம் என்ன ஆயிற்றோ, நமக்குத் தெரியாது. ஒரு கெடுதியும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை நம்பி 20 சவரனை வைக்க முடியுமா?

நான் பயந்தது வீண் பயமில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. 2022, 2023 வருஷங்களில் கொரியாவில் ஜொன்சே மோசடி பெரிய விவகாரமாக வெடித்தது. ஒரே ஆள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை, குடிவந்தவர்களின் பணத்தைக்கொண்டே வாங்கிக் குவித்திருக்கிறான். அவன் 2022-ல் திடீரென்று செத்துப்போகவே குடியிருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். இன்சொன் என்கிற ஊரில் பணத்தைப் பறிகொடுத்த இளம் பிள்ளைகள் சிலர் உயிரையே விட்டுவிட்டார்கள். 2023 ஜூன் முதல் இதற்கென்றே தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. 2025 நடுவில் கணக்கெடுத்தபோது, அந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டவர்களே 30,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் நாற்பது வயசுக்குள் இருப்பவர்கள். முதல் முதலாகக் குடித்தனம் வைக்கிற வயசு, பாவம்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? வயிற்றில் பிள்ளையோடு மறுபடி வீடு தேட வேண்டுமே! அங்கே தெருவுக்கு இரண்டு வீட்டுத் தரகர் கடை இருக்கும். 'புதோங்சான்' என்று பலகை போட்டிருப்பார்கள். அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறி, லைசென்ஸ் வாங்கினவர்கள்தான் கடை வைக்கலாம். கமிஷனுக்கும் சட்டத்தில் உச்ச வரம்பு உண்டு. மகள் கொடுத்தது கிட்டத்தட்ட அரை மாச வாடகை. நம் ஊரில் ஒரு மாச வாடகையைத் தரகர் கேட்பதோடு ஒப்பிட்டால் தேவலை.

மொத்தம் ஏழு வீடு பார்த்தார்கள். முதல் வீடு பாதி பூமிக்குள்! 'பன்ஜிஹா' என்று பேர். ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். வாடகை குறைவு. ஆனால் சுவரெல்லாம் கரும்புள்ளியாகப் பூஞ்சைக்காளான். பிறக்கப்போகிற குழந்தைக்கு மூச்சு இழுப்பு வர அது ஒன்று போதும். 2022 ஆகஸ்டில் சியோலில் பேய்மழை பெய்தபோது இப்படிப்பட்ட வீட்டில் தண்ணீர் புகுந்து, வெளியே வர முடியாமல் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மொட்டை மாடி மேல் ஒற்றை அறை. வெயிலில் வேகும், பனியில் விறைக்கும். மூன்றாவது வீடு நன்றாக இருந்தது, ஆனால் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பூசான் பாதியும் மலைச்சரிவு. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவதே ஜவ்வாது மலை ஏறுகிற மாதிரி. அதற்கு மேல் நாலு மாடி என்றால்? இரண்டு வீட்டில், வெளிநாட்டுக்காரர் என்றதும் போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் அழுதுவிட்டாள்.

"அழாதடி. நம்ம ஊர்ல மட்டும் என்னா வாழுதாம்? உன் சித்தப்பா மெட்ராஸ்ல வூடு தேடினப்போ, கறி சாப்பிடுவீங்களா, நீங்க எந்த ஆளுங்கன்னு கேட்டு எத்தினி பேர் கதவைச் சாத்தினாங்க? நம்ம தெருவுலயே வேற மதத்துக்காரங்களுக்கு வூடு வுட யோசிக்கலையா?" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. நம் மாடி போர்ஷனை விட்டபோது நானும் அப்படி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியவள்தானே.

கடைசியில் கிடைத்தது ஒரு பாட்டியம்மாவின் வீடு. நாலு மாடிச் சின்னக் கட்டடம். இந்த மாதிரிக் கட்டடத்தை அங்கே 'வில்லா' என்கிறார்கள். பேரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள்! பாட்டி மூன்றாவது மாடியில் இருக்கிறார், இவர்களுக்கு முதல் மாடி. அவரும் முதலில் தயங்கினார். மசாலா வாசனை சுவரில் ஏறிவிடுமே என்பது அவர் கவலை. மகள் ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிக்கொண்டு மறுபடி போய், தெரிந்த அரைகுறை மொழியில், "ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தாளிப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். பாட்டி அவள் வயிற்றைப் பார்த்து எத்தனை மாசம் என்று விரலைக் காட்டிக் கேட்டிருக்கிறார். அதோடு பேச்சு முடிந்தது.

இது ஜொன்சே இல்லை, 'வொல்சே'. அதாவது முன்பணமும் உண்டு, மாச வாடகையும் உண்டு. முன்பணம் 1 கோடி வோன், 6 லட்சம் ரூபாய். வாடகை நாலரை லட்சம் வோன், 27,000 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் தனி. நகையைத் தொடவில்லை. பதிவேட்டையும் அந்தப் பையனே பார்த்தான். மூன்றாவது பகுதியில் ஒரு கடனும் இல்லை. மாசாமாசம் வாடகை போகிறதே என்று மகளுக்குக் குறைதான். "வாடகை போனா மாசத்துக்கு இருபத்தேழாயிரம் போவும். போக்கியம் போனா எல்லாமே போவும்" என்றேன்.

ராணிப்பேட்டைச் சகோதரி, உங்கள் மகளுக்காகக் கீழே உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. கொரியாக்காரர்கள் பத்தாயிரத்தை ஒரு 'மன்' என்று வைத்துத்தான் எண்ணுவார்கள். தரகர் கடைக் கண்ணாடியில் 1000/45 என்று எழுதியிருந்தால் முன்பணம் 1000 மன் (1 கோடி வோன்), வாடகை 45 மன் (நாலரை லட்சம் வோன்) என்று அர்த்தம். முன்பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

2. வீட்டின் பதிவேட்டை மூன்று தடவை பாருங்கள்: ஒப்பந்தத்துக்கு முன், மீதிப் பணம் கட்டும் நாளில், குடிபோன மறுநாள். கொரிய மொழி தெரிந்த, தரகருக்கு வேண்டப்படாத ஒருவர் படிக்கட்டும்.

3. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல், பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர் பேரில் உள்ள பாங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். அவருடைய அடையாள அட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. குடிபோன அன்றே வட்டார அலுவலகத்துக்குப் போய் விலாசம் மாற்றியதைப் பதியுங்கள். வெளிநாட்டவருக்குச் சட்டம் கொடுக்கிற கெடு 15 நாள். ஆனால் நம் பணத்துக்குப் பாதுகாப்பு, வீட்டில் குடிபுகுந்து விலாசமும் பதிந்த மறுநாள் ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்துதான் ஆரம்பம். கெடு இருக்கிறதே என்று ஒத்திப்போடாதீர்கள்.

5. அதே அலுவலகத்தில் ஒப்பந்தத்தின் மேல் தேதி முத்திரை வாங்குங்கள். வீடு ஏலத்துக்குப் போனால் வரிசையில் நமக்கு எத்தனையாவது இடம் என்று சொல்வது இந்த முத்திரைதான். 2021-லிருந்து முன்பணம் 6 கோடி வோனுக்கு மேலோ, வாடகை 3 லட்சம் வோனுக்கு மேலோ இருந்தால் பெரும்பாலான ஊர்களில் ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அப்படித் தெரிவித்தால் தேதி முத்திரையும் கூடவே வந்துவிடும்.

6. ஒரு வருஷத்துக்கு என்று எழுதினாலும், குடியிருப்பவர் விரும்பினால் இரண்டு வருஷம் இருக்கலாம். 1981-ல் வந்த வீட்டு வாடகைப் பாதுகாப்புச் சட்டம் பிற்பாடு திருத்தப்பட்டு வந்திருக்கிற சலுகை இது. 2020 முதல், ஒரு தடவை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக் கேட்கவும் உரிமை உண்டு. வீட்டுக்காரர் தாமே குடிவருவது போன்ற சில காரணங்களைச் சொல்லி மறுக்கலாம். அப்படி நீட்டும்போது வாடகையை நூற்றுக்கு 5-க்கு மேல் ஏற்றக் கூடாது.

7. ஜொன்சேயே வேண்டும் என்றால், முன்பணத்துக்கு இன்ஷூரன்ஸ் போல உத்தரவாதம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காத வீடு என்றால் தொடாதீர்கள்.

இந்த ஏழில் பாதி நமக்கும் பொருந்தும். ஆம்பூரிலோ வேலூரிலோ போக்கியத்துக்கு வீடு பிடிக்கிறவர்கள் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வில்லங்கத்தில் பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். ஆகவே மூலப் பத்திரம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பாருங்கள். அது அவரிடம் இல்லையென்றால் எங்கோ கடனுக்காகக் கொடுத்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். போக்கியப் பத்திரத்தைச் செலவு பார்க்காமல் பதிவு செய்யுங்கள். என் அப்பா மிச்சம் பிடித்தது அந்தப் பதிவுச் செலவைத்தான்.

பிரசவத்துக்காக 2024 ஜனவரியில் நானும் பூசான் போனேன். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அதிசயம், தரை இளஞ்சூடாக இருக்கிறது! அடுப்பு எரியாமலே தரை சுடுமா? தரைக்கு அடியில் குழாய் போட்டு வெந்நீர் ஓட விடுகிறார்கள். 'ஒன்டோல்' என்று பேர். பழைய காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் விட்டுச் சூடேற்றுவார்களாம். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்புக்கு இதமாக இருந்தது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். குழந்தையை வெறும் தரையில் போடக் கூடாது, பஞ்சு மெத்தை விரிக்க வேண்டும். சூட்டில் அறை காய்ந்துபோய்க் குழந்தைக்கு மூக்கு அடைக்கும். நனைத்துப் பிழிந்த துண்டை அறையில் கொடி கட்டி உலர்த்தச் சொன்னது அந்தப் பாட்டிதான்.

குப்பை விஷயத்தில் நான் பட்ட பாடு தனிக் கதை. குப்பை போட அந்தந்த ஊர் அலுவலகத்துப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கழிவு தனி. நான் கோழி எலும்பையும் முட்டை ஓட்டையும் வெங்காயத் தோலையும் சாப்பாட்டுக் கழிவில் கொட்டிவிட்டேன். பாட்டி அதைக் காட்டி, மாடு அசை போடுகிற மாதிரி வாயை ஆட்டி, கையை விரித்தார். பிராணிகள் தின்ன முடியாதது அதில் சேராது என்று அர்த்தமாம். இரண்டு பேரும் மொழி தெரியாமல் நின்று சிரித்தோம்.

நாள், கிழமை பார்ப்பதிலும் அவர்கள் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. சந்திர மாசக் கணக்கில் 9, 10, 19, 20, 29, 30 இந்தத் தேதிகளில் கெட்ட ஆவி நடமாட்டம் இல்லையாம். அன்றைக்குத்தான் வீடு மாற ஆசைப்படுவார்கள். சாமான் வண்டிக்காரர்கள் அந்த நாட்களில் கூலியை ஏற்றிவிடுவார்கள்! புது வீட்டுக்குள் முதலில் சோறு வடிக்கிற குக்கரைக் கொண்டுபோய் வைக்கிற வழக்கமும் உண்டு. மகள் குக்கரையும் வைத்து, பாலும் காய்ச்சினாள்.

பேரனுக்குப் பதினைந்தாம் நாள், பாட்டி ஒரு பெரிய பாத்திரத்தில் கடல் பாசிச் சூப் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு அது. நான் பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் கொடுத்தனுப்பினேன். மசாலா வாசனைக்குப் பயந்தவர் மறுநாள் காலிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டி, இன்னும் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார்.

ஊர் திரும்பினதும் நகைப் பெட்டியைத் திறந்து 20 சவரனையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அம்மா இருந்தால் காட்டியிருப்பேன்.

சித்திரையில் கிளம்புகிற அந்தப் பெண்ணுக்கு ஊறுகாய், பொடி எல்லாம் கட்டிக் கொடுப்பீர்கள், தெரியும். அதோடு இந்தப் பக்கத்தையும் கிழித்துப் பெட்டியில் வையுங்கள், சகோதரி.

பனிக்குளிரில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் முறை பற்றி மற்ற இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த இதழில்.